ஊசி பிடித்த கை

பத்து டாலர் பரிசு!

1824ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்து ராலே நகரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. கொடுத்தவர் ஒரு தையற்கடை முதலாளி. அவரிடம் தொழில் பழகிக் கொண்டிருந்த இரண்டு பையன்கள் ஓடிப்போய் விட்டார்கள். அண்ணன், தம்பி. பிடித்து வந்து ஒப்படைப்போருக்குப் பத்து டாலர் தருவதாக அவர் அறிவித்தார். தம்பிக்காரனை மட்டும் கொண்டுவந்தாலும் அதே பத்து டாலர் என்றும் சேர்த்திருந்தார்.

நாற்பத்தொரு ஆண்டுகள் உருண்டோடின. 1865 ஏப்ரல் 15. தலைநகர் வாஷிங்டனில் ஒரு விடுதி. உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி எதிரே நிற்கிறார். அந்தத் தம்பிக்காரன் கையுயர்த்தி உறுதிமொழி எடுத்துக் கொள்கிறான், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பதினேழாவது குடியரசுத் தலைவனாக!

ஆண்ட்ரூ ஜான்சன் என்பது அவர் பெயர். பள்ளிக்கூட வாசலை ஒருநாளும் மிதியாதவர். ஊசியும் நூலும் கொண்டு பிழைத்தவர். ஆப்ரகாம் லிங்கனுக்குப் பின் அவர் பீடத்தில் ஏறியவர்.

பாட்டாளி ஒருவன் நாடாளும் நிலைக்கு உயர்ந்தான் என்ற செய்தி கேட்டால், உழைத்து உண்ணும் நமக்கெல்லாம் உள்ளம் பூரிக்கும். பூரிக்கட்டும், தவறில்லை. ஆனால் இந்த மனிதரின் கதையை முழுதும் படித்தால், பூரித்த உள்ளம் பாதி வழியிலே திகைத்து நிற்கும். அந்தத் திகைப்புக்காகவே இதனை எழுதுகிறோம்.

1808 டிசம்பர் 29இல் பிறந்தார் ஜான்சன். தந்தை ஒரு விடுதியில் எடுபிடி வேலை செய்தவர். நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றக் குளிர்ந்த தண்ணீரில் பாய்ந்தார், அவர்களை மீட்டார், தாம் நோயுற்று மாண்டார். அப்போது குழந்தைக்கு மூன்று வயது. தாய் துணி நெய்தும், ஊராரின் அழுக்குத் துணிகளை வெளுத்தும் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். முடியவில்லை. பத்து வயதளவில் சிறுவனைத் தையற்கடையில் ஒப்படைத்தாள்.

ஒப்படைத்தாள் என்றால், இன்று பிள்ளையைக் கடையில் சேர்ப்பது போன்றதல்ல. சட்டப்படி எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது. இருபத்தோரு வயது வரை அவன் முதலாளிக்குக் கட்டுப்பட்டவன். சோறு உண்டு, துணி உண்டு, தொழில் உண்டு. விட்டுப் போகும் உரிமை மட்டும் இல்லை. போனால் பிடித்து வரலாம். அவன் தலைக்குப் பரிசு வைக்கலாம். வைத்தார்கள்!

அந்தக் கடையில் அவனுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. தையற்காரர்கள் குனிந்து தைத்துக் கொண்டிருப்பர். படித்தவர் ஒருவர் வந்து, புகழ்பெற்ற சொற்பொழிவுகள் அடங்கிய நூலொன்றை அவர்களுக்குப் படித்துக் காட்டுவார். சிறுவன் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டான். எழுத்தை அறியுமுன்பே சொல்லின் வலிவை அறிந்தான்.

ஓடிப்போனவன் ஊர் ஊராகச் சுற்றினான். 1826இல் தாயுடனும் மாற்றாந்தந்தையுடனும் மலைகளைக் கடந்து டென்னசி மாநிலத்துக்குச் சென்று, கிரீன்வில் என்ற சிற்றூரில் தையற்கடை வைத்தான். மறு ஆண்டு திருமணம். அவனுக்கு வயது 18. மணப்பெண் எலைசாவுக்கு 16. கணவனுக்கு எழுதவும் கணக்குப் போடவும் கற்றுக் கொடுத்தவள் அந்தப் பெண்தான். அவன் கத்தரித்துத் தைக்க, அவள் பக்கத்தில் அமர்ந்து பாடம் சொன்னாள். மாளிகைச் சீமாட்டிகள் பலரை அறிவோம். கணவனுக்கு அகரம் கற்பித்து அவனை நாட்டின் தலைமைப் பீடம் வரை ஏற்றிய இந்த ஏழைப் பெண்ணுக்கு ஈடாக எவரைச் சொல்வது!

கடை வளர்ந்தது. கடையே வாதமன்றமாயிற்று. ஊர் உழைப்பாளிகள் அங்கு கூடினர், அரசியல் பேசினர். அருகிலிருந்த கல்லூரியில் நடந்த சொற்போருக்கும் நடந்தே போய்க் கலந்து கொண்டார் ஜான்சன். 1829இல் நகரமன்ற உறுப்பினர். 1834இல் நகரத் தலைவர். மறு ஆண்டு மாநிலச் சட்டமன்றம். 1843இல் வாஷிங்டன் பிரதிநிதிகள் சபை. பத்தாண்டுகளுக்குப் பின் டென்னசியின் கவர்னர். 1857இல் செனட் உறுப்பினர். ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் கால் வைத்தே ஏறினார்.

அவர் பேச்சில் அனல் பறக்கும். நூற்றுக்கணக்கான ஏக்கர் பருத்திக் காடு. வெயிலில் வெந்து உழைக்க விலைக்கு வாங்கிய கருப்பு அடிமைகள். நிழலில் அமர்ந்து மது அருந்தும் வெள்ளைச் சீமான்கள் - தெற்குப் பகுதியின் நிலை அது. அந்தப் பண்ணைச் சீமான்களை ஜான்சன் அடியோடு வெறுத்தார். தையற்காரன் என்று அவர்கள் ஏளனம் செய்தபோது, ஆம், தையற்காரன்தான், நான் தைத்த சட்டை பொருந்தாமல் போனதில்லை என்ற பொருளில் திருப்பிக் கொடுப்பார்.

வெறும் பேச்சல்ல. நிலமற்ற ஏழைக்கு அரசின் தரிசு நிலத்தை இனாமாக வழங்க வேண்டும் என்று 1846லிருந்து மன்றத்தில் போராடினார். சீமான்கள் எதிர்த்தனர். 1860இல் ஒருவழியாக இரு மன்றங்களிலும் மசோதா நிறைவேறியது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் புக்கானன். அவர் ஒப்பமிட மறுத்தார், மசோதா மாண்டது. மன்றங்கள் இரண்டு கூடிச் செய்ததை ஒரு மனிதர் பேனா முனையால் நிறுத்தி வைக்க முடியும். வீட்டோ என்னும் மறுப்பு அதிகாரம் அது. அதன் கசப்பை அன்று சுவைத்தார் ஜான்சன். பின்னாளில் அதே பேனா அவர் கைக்கு வந்தபோது செய்ததென்ன என்பதைப் பின்னர் காண்போம். அந்த நிலச் சட்டம் 1862இல் லிங்கன் ஒப்பமிட்டு நிறைவேறியது: உழுது குடியிருக்கும் குடும்பத்துக்கு 160 ஏக்கர்.

இதுவரை கேட்டால் இவர் நம்மவர் என்று தோன்றும். இங்கேதான் ஒரு கறையைக் காட்ட வேண்டியிருக்கிறது. சீமான்களை வெறுத்த ஜான்சன், அடிமை முறையை வெறுக்கவில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவரும் அடிமைகளை விலைக்கு வாங்கினார். அவர் கண்ணில் பட்ட ஏழை, வெள்ளை நிற ஏழை மட்டுமே. தன்னைவிட மேலே இருப்பவன் தன்னைத் தாழ்த்துவது அநீதி என்றார். தனக்குக் கீழே ஒருவன் பிறப்பினாலேயே தாழ்ந்தவனாக இருப்பது இயற்கை என்றும் நம்பினார்.

1860இல் லிங்கன் தேர்தலில் வென்றார். அடிமை முறைக்கு ஆபத்து என்று அலறிய தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாக நாட்டை விட்டுப் பிரிந்தன, பதினோரு மாநிலங்கள். அவற்றின் செனட் உறுப்பினர்கள் பதவியைத் துறந்து தம் மாநிலத்தின் பின்னே போயினர். ஒருவர் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. அவர்தான் ஜான்சன்! ஊர் திரும்பும் வழியில் வெறிகொண்ட கும்பல் ரயிலை மறித்து அவரைத் தாக்க முற்பட்டது. உருவப் பொம்மைகளைக் கொளுத்தினர். அஞ்சவில்லை. அந்த நெஞ்சுரத்தை எவரும் மறுக்க முடியாது, நாமும் மறுக்கவில்லை.

1862இல் லிங்கன் அவரை டென்னசியின் இராணுவ ஆளுநராக்கினார். மறு ஆண்டு தம் அடிமைகளை ஜான்சன் விடுதலை செய்தார். 1864 அக்டோபரில் நாஷ்வில் நகரில் திரண்டிருந்த கருப்பு மக்களிடம், விவிலியத்து மோசே போல உங்களை அடிமைத்தளையிலிருந்து அழைத்துச் செல்வேன் என்ற வாக்குறுதியும் கொடுத்தார். அந்த வாக்குறுதியை நினைவில் வைப்போம்.

அந்த ஆண்டுத் தேர்தலில் லிங்கன் தம்முடன் துணைத் தலைவர் பதவிக்கு ஜான்சனை நிறுத்தினார். வடக்கும் தெற்கும் ஒன்றே என்று காட்டத் தெற்கத்தி மனிதர் ஒருவர் தேவைப்பட்டார். வாக்குச் சேர்க்கப் பொருத்தம் பார்த்தார்கள். நாளை பீடம் காலியானால் இவர் கையில் நாடு என்னவாகும் என்று பார்த்தவர் சிலரே. துணைத் தலைவர் பதவி அப்படிப்பட்டது. செனட்டில் தலைமை வகிக்கலாம். இரு பக்கமும் வாக்குச் சமமானால் ஒரு வாக்குப் போடலாம். மற்றபடி ஒன்றுமில்லை. ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு, அந்த ஒன்றுமில்லாதவரை எல்லாமாக்கி விடும்!

1865 மார்ச் 4இல் பதவியேற்பு. உடல்நலமற்றிருந்த ஜான்சன் தெம்புக்கென்று மது அருந்தி வந்து, மன்றத்தில் உளறிக் கொட்டினார். அவையோர் தலைகுனிந்தனர். அதற்கு ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 14 இரவு, நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். அன்றிரவு கொலைகாரர்கள் குறிவைத்தது மூவரை. வெளிநாட்டமைச்சர் செவர்டு நோய்ப் படுக்கையிலேயே கத்தியால் குத்தப்பட்டு உயிர் தப்பினார். ஜான்சனைக் கொல்ல அனுப்பப்பட்டவன் அவர் தங்கியிருந்த விடுதிக்கே வந்தான்; துணிவு வரவில்லை; குடித்துவிட்டு ஓடிப் போனான். காலையில் லிங்கனின் மூச்சு நின்றது. சில மணி நேரத்தில் தையற்காரர் தலைவரானார்.

தலைவர் மாண்டால் துணைத் தலைவர் தலைவராவது இன்று எவருக்கும் தெரியும். அன்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. தலைவர் இறந்தாலோ, விலகினாலோ, நீக்கப்பட்டாலோ, செயலற்றுப் போனாலோ அது துணைத் தலைவரைச் சேரும் என்று எழுதியிருந்தது. எது சேரும்? பதவியா, பதவியின் வேலை மட்டுமா? 1841இல் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. துணைத் தலைவர் டைலர், நானே முழுத் தலைவர் என்று நின்றார். தற்காலிகத் தலைவர் என்று முகவரியிட்டு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அவர் போட்ட தடத்தில் நாடு நடந்தது. 1967இல் வந்த இருபத்தைந்தாவது திருத்தம்தான் அதைச் சட்ட எழுத்தாக்கியது.

இனி, அந்தப் பீடத்தின் வலிமையைச் சிறிது கவனிப்போம். பிரிட்டனில் மன்றத்தின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை கவிழும். அமெரிக்கத் தலைவர் அப்படிக் கவிழ மாட்டார். நான்காண்டுகளுக்கு அவர் அசையா மலை. படைகளின் தலைமைத் தளபதி அவர். செனட்டின் இசைவோடு அமைச்சர்களையும் நீதிபதிகளையும் தூதர்களையும் அமர்த்துபவர் அவர். அயல்நாட்டு ஒப்பந்தம் செய்பவர் அவர். மசோதாவை மறுப்பவர் அவர். நாட்டுக்கெதிரான குற்றம் புரிந்தோருக்கு மன்னிப்பு வழங்குபவரும் அவர். அதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

அவருக்கு எதிரே இருப்பது காங்கிரஸ். நாம் அறிந்த கட்சியல்ல. பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு மன்றங்களுக்கும் சேர்த்து அமெரிக்கர் வைத்த பெயர். ஜான்சன் பதவியேற்றபோது காங்கிரஸ் கூடியிருக்கவில்லை. டிசம்பரில்தான் கூடும். தேவையானால் முன்கூட்டியே அழைக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அவர் அழைக்கவில்லை. ஏழரை மாதங்கள் தனியே ஆண்டார்.

போர் முடிந்துவிட்டது. ஏறத்தாழ நாற்பது இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்று, கையில் காசில்லை, காலடியில் நிலமில்லை என்று நின்றனர். அவர்களை என்ன செய்வது? கலகம் செய்த சீமான்களை என்ன செய்வது? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரு மனிதரின் பேனா முனையில் இருந்தது.

மே 29இல் பொது மன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள கலகக்காரருக்கு அது பொருந்தாது. அவர்கள் தனித்தனியே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். ஆகா, தையற்காரர் சீமான்களைத் தண்டிக்கப் போகிறார் என்று மக்கள் எண்ணினர். நடந்ததோ வேறு. சீமான்கள் வெள்ளை மாளிகையில் வரிசையில் நின்றனர். தம் சீமாட்டிகளையும் தூது அனுப்பினர். ஒருகாலத்தில் ஏளனம் செய்தவர்கள் இன்று தொப்பியைக் கழற்றி, ஐயா மன்னியுங்கள் என்கிறார்கள்! அந்தக் காட்சி ஜான்சனின் உள்ளத்தைக் குளிர்வித்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். ஆயிரக்கணக்கில் மன்னித்தார். மன்னிப்புடன் பண்ணைகளும் திரும்பின.

அந்தப் பண்ணைகளில் யார் இருந்தார்கள்?

1865 சனவரியில் தளபதி ஷெர்மன் ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார். தெற்குக் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கடலோரத்தில் சீமான்கள் விட்டோடிய நிலங்களை, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் விடுதலை பெற்றோருக்கு அளிக்கும் கட்டளை. ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினர். குடிசை போட்டனர், விதை தூவினர், தலைமுறை தலைமுறையாகத் தம் வியர்வையும் குருதியும் சிந்திய மண்ணை முதன்முறையாகத் தம்முடையது என்று தொட்டனர்.

ஜான்சனின் உத்தரவு வந்தது: நிலத்தைப் பழைய உடைமையாளரிடம் திருப்பிக் கொடு!

அதைச் சொல்லும் வேலை தளபதி ஹோவர்டுக்கு. விடுதலைப் போரில் வலக்கையை இழந்தவர். 1865 அக்டோபரில் எடிஸ்டோ தீவின் தேவாலயத்தில் அந்த மக்களைக் கூட்டிச் சேதி சொன்னார். கூச்சலும் குமுறலும் எழுந்தன. எவராலும் அடக்க முடியவில்லை. ஒரு பெண் சோகப் பாட்டொன்றைத் தொடங்கினாள். கூட்டமே சேர்ந்து பாடியது. பிறகுதான் அமைதி வந்தது. அவர்கள் ஒரு குழு அமைத்துத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். கலகம் செய்தவனுக்கு நிலம், நாட்டுக்கு உண்மையாக இருந்த எங்களுக்கு ஒன்றுமில்லையா என்பதே அதன் உட்பொருள். விண்ணப்பம் போயிற்று. நிலமும் போயிற்று.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். திரும்பி வந்த சீமான்கள் மாநிலச் சட்டமன்றங்களைக் கைப்பற்றிக் கருப்பருக்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். முதலில் முந்திக் கொண்டது மிசிசிப்பி. நகரத்துக்கு வெளியே கருப்பர் நிலத்தைக் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு சனவரியிலும் வேலையில் இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்டாதவன் சோம்பேறி, அவனுக்கு அபராதம். கட்ட முடியாவிட்டால், கட்டுகிற வெள்ளையனிடம் அவன் கூலியின்றி உழைக்க வேண்டும். அடிமை முறை என்ற பெயர் போயிற்று; சாட்டை அப்படியே இருந்தது.

அதே சட்டத்தொகுப்பில் இன்னொன்று. கருப்பர்களின் அநாதைப் பிள்ளைகளையும், பெற்றோர் ஏழையாய் இருக்கும் பிள்ளைகளையும் நீதிமன்றம் பிடித்துத் தொழில் பழக ஒப்படைக்கும். யாரிடம்? முன்பு அவர்களை அடிமையாக வைத்திருந்தவனுக்கே முதலிடம். ஆண்பிள்ளைக்கு இருபத்தோரு வயது வரை. ஓடினால்? பிடித்து வரலாம்!

தோழர்களே, எங்கோ கேட்டது போல் இருக்கிறதல்லவா? ராலே நகரத்து விளம்பரம்! தகப்பனில்லாத பிள்ளை, இருபத்தோரு வயதுக் கட்டு, ஓடிப்போனவனுக்கு வலைவீச்சு. அந்த வலையிலிருந்து தப்பி ஓடியவர்தான் இப்போது நாட்டின் தலைவர். ஆயிரமாயிரம் கருப்புப் பிள்ளைகள் அதே வலையில் மாட்டித் துடிக்கிறார்கள். அவர் நினைவில் பழைய நாள் எழவில்லையா? எழுந்திருந்தாலும், அந்தப் பிள்ளைகளின் முகத்தில் அவர் தம் முகத்தைக் காணவில்லை. தோல் மறைத்தது.

1866 பிப்ரவரி 7இல் ஒரு தூதுக்குழு வெள்ளை மாளிகைக்கு வந்தது. அதிலிருந்தவர் பிரடெரிக் டக்ளஸ். அவரும் ஒருகாலத்தில் ஓடிப்போனவர்தான், அடிமைத்தளையிலிருந்து! ஓடிப்போன இருவர் எதிரெதிரே நின்றனர். கருப்பருக்கு வாக்குரிமை வேண்டும் என்றார் டக்ளஸ். ஜான்சன் நீண்ட நேரம் பேசினார், மறுத்தார், தெற்கை விட்டு வேறிடம் பெயர்வதே வழி என்றும் சொன்னார். மோசேயின் வாக்குறுதி என்னவாயிற்று? டக்ளஸ் வெறுங்கையுடன் திரும்பினார்.

காங்கிரஸ் பொறுக்கவில்லை. விடுதலை பெற்றோருக்குப் பள்ளியும் பாதுகாப்பும் அளித்த துறையை நீட்டிக்க மசோதா நிறைவேற்றியது. ஜான்சன் மறுத்தார். இந்நாட்டில் பிறந்தவன் இந்நாட்டுக் குடிமகன், நிறம் எதுவாயினும் சொத்து வாங்கவும் வழக்காடவும் உரிமையுண்டு என்று குடியுரிமை மசோதா நிறைவேற்றியது. அதையும் மறுத்தார்!

ஆனால் மறுப்பு அதிகாரத்துக்கும் ஒரு மருந்து உண்டு. இரு மன்றங்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் நிறைவேற்றினால், தலைவரின் ஒப்பம் இல்லாமலே சட்டமாகும். 1866 ஏப்ரல் 9இல் குடியுரிமைச் சட்டம் அப்படியே நிறைவேறியது. பெரிய சட்டமொன்று தலைவரின் மறுப்பை மீறி நிறைவேறியது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் முறை. ஜான்சன் காலத்தில் அவரது மறுப்பு இப்படிப் பதினைந்து முறை முறியடிக்கப்பட்டது. வேறெந்தத் தலைவருக்கும் இத்தனை முறை நேர்ந்ததில்லை.

அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார். கூட்டத்தில் குறுக்குக் கேள்வி கேட்டவர்களுடன் மல்லுக்கு நின்றார். பதவியின் மதிப்பைத் தெருவில் சிந்தினார். தேர்தலில் எதிர்த்தரப்பு மூன்றில் இரண்டுக்கும் மேலான பலத்துடன் திரும்பியது. 1867இல் தெற்கை இராணுவ மேற்பார்வையில் வைத்து, கருப்பருக்கு வாக்களித்து, புதிய அரசுகள் அமைக்கும் சட்டம் வந்தது. ஜான்சன் மறுத்தார், மீறி நிறைவேறியது. நேற்று வரை சந்தையில் விலை கூறி விற்கப்பட்டவன் வாக்குச்சாவடிக்கு நடந்தான். அவர் ஆட்சியில் நடந்த நற்காரியமும் ஒன்றுண்டு: அதே ஆண்டு ருஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கினார்கள்.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? நடத்துபவர் தலைவரல்லவா? படை அவர் கையில். போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டன் காங்கிரசின் பக்கம் நின்றார். அவரை நீக்க முடியாதபடி, செனட்டின் இசைவோடு அமர்த்தப்பட்டவரைச் செனட்டின் இசைவின்றி நீக்கக் கூடாது என்றொரு சட்டம் செய்திருந்தது காங்கிரஸ். 1868 பிப்ரவரி 21இல் ஜான்சன் அதை மீறி ஸ்டாண்டனை நீக்கினார். ஸ்டாண்டனோ தம் அலுவலகத்தை விட்டு வெளியேற மறுத்து அதற்குள்ளேயே குடியிருந்தார்.

மூன்றே நாளில் பிரதிநிதிகள் சபை 126க்கு 47 என்ற கணக்கில் தலைவர் மீது குற்றம் சாட்டியது. அமெரிக்க வரலாற்றில் முதல் முறை. முறை இதுதான்: பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கும், தலைமை நீதிபதி தலைமை வகிப்பார், மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்றால் பதவி பறிபோகும். அன்று செனட்டில் 54 பேர். வேண்டியது 36 வாக்கு.

நாடே அதைப் பார்த்தது. பார்வையாளருக்கு நுழைவுச் சீட்டு அச்சிட்டார்கள். நிலத்தை உழுதவனுக்கே கொடு என்று முழங்கிய முதியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ், நடக்க முடியாமல் நாற்காலியில் சுமந்து வரப்பட்டு வழக்காடினார்.

பதவி பறிபோனால் அடுத்தவர் யார்? துணைத் தலைவர் இல்லை. துணைத் தலைவர் தலைவரானால் காலியான இடத்தை நிரப்ப அன்று வழியில்லை. 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி, செனட்டின் தற்காலத் தலைவர் பெஞ்சமின் வேடுக்கே பீடம். அவரும் நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்து வாக்களித்தார்! அவரைப் பிடிக்காதவர்கள் செனட்டில் பலர். ஆக, ஜான்சன் குற்றவாளியா என்ற கேள்வியோடு, வேட் வேண்டுமா என்ற கேள்வியும் கலந்தது.

மே 16. பெயர் பெயராக அழைத்தார்கள். 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் இல்லை என்றனர். ஒரே ஒரு வாக்குக் குறைவு! கட்சிக் கட்டை மீறி விடுதலைக்கு வாக்களித்தவர்கள் ஏழு பேர். அவர்களில் கான்சாஸ் மாநிலத்து எட்மண்ட் ராஸ் பெயர் நிலைத்தது. பத்து நாள் கழித்து மற்ற இரு குற்றச்சாட்டுகளில் வாக்கெடுத்தபோதும் அதே 35, அதே 19. பிறகு வழக்கைக் கைவிட்டனர்.

இந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகத் தலைவரை நீக்கினால் பீடமே மன்றத்தின் பொம்மையாகும் என்பர் ஒருசாரார். அதில் நியாயம் உண்டு. ஸ்டாண்டனுக்காகச் செய்த சட்டம் 1887இல் நீக்கப்பட்டது. அத்தகைய சட்டம் செல்லாது என்றே 1926இல் உச்சநீதிமன்றமும் கூறியது. நாம் கூறுவது இதுதான்: அவர் செய்த பெரும்பிழை ஓர் அமைச்சரை நீக்கியது அல்ல. எடிஸ்டோவின் நிலத்தைப் பறித்தது. பிள்ளைகளைப் பிணைத்த சட்டத்தைத் தடுக்காதது. காக்க வந்த மசோதாக்களைக் கொல்லத் துணிந்தது. அவை குற்றப்பத்திரிகையின் மையத்தில் இல்லை. பெருங்குற்றத்தை விட்டுச் சிறுகுற்றத்தைப் பிடித்தார்கள், அதுவும் நழுவிற்று.

1868 கிறிஸ்துமஸ் நாளில், எஞ்சியிருந்த கலகக்காரர் அனைவருக்கும் மன்னிப்பு அளித்தார். மறு மார்ச்சில் வெளியேறினார். அடுத்த தலைவர் கிராண்டின் பதவியேற்புக்கும் செல்லவில்லை. ஆனால் ஓய்ந்தாரில்லை. தோற்றார்; மீண்டும் நின்றார்; 1875இல் தம்மை விசாரித்த அதே செனட்டுக்கு உறுப்பினராகத் திரும்பினார். அவ்வாண்டு ஜூலை 31இல் காலமானார். நாட்டுக் கொடியை உடலில் போர்த்தி, அரசியல் சட்டத்தின் பிரதியைத் தலைக்கு அணையாக வைத்துக் கிரீன்வில்லில் அடக்கம் செய்தனர்.

அரசியல் சட்டம் அவர் தலைக்குக் கீழே இருந்தது. அந்தச் சட்டத்தில் அவர் விரும்பாத வரிகளும் அதற்குள் ஏறிவிட்டன. பிறந்த மண்ணில் குடியுரிமை தந்த பதினான்காவது திருத்தம் 1868இல். நிறத்தைக் காட்டி வாக்கை மறுக்கலாகாது என்ற பதினைந்தாவது திருத்தம் 1870இல். அரசியல் சட்டத் திருத்தத்துக்குத் தலைவரின் ஒப்பம் தேவையில்லை, மறுக்கவும் முடியாது. ஆனால் நிலமில்லாதவன் கையில் வாக்கு நிலைக்கவில்லை. 1877க்குப் பின் தெற்கில் அச்சுறுத்தியும் சூழ்ச்சி செய்தும் அதைப் பறித்தார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. அந்த ஏழரை மாதங்களின் விலை அது.

பின்னர் வாரிசு முறையை அமெரிக்கர் திருத்தித் திருத்தி அமைத்தனர். 1886இல் அமைச்சர்களை வரிசையில் வைத்தனர். 1947இல் துணைத் தலைவருக்கு அடுத்துப் பிரதிநிதிகள் சபைத் தலைவர், அடுத்துச் செனட்டின் தற்காலத் தலைவர், பிறகு அமைச்சர்கள் என்று மாற்றினர். 1967இல் துணைத் தலைவர் இடம் காலியானால் நிரப்பவும் வழி செய்தனர். பீடம் ஒரு நொடியும் வெறுமையாய் இராதபடி ஏற்பாடு முழுமையாயிற்று. யார் அமர்வார் என்பதைச் சட்டம் சொல்லும். அமர்பவர் நெஞ்சில் என்ன அமர்ந்திருக்கிறது என்பதை எந்தச் சட்டமும் சொல்லாது. அதை முன்கூட்டியே பார்க்க வேண்டியவர்கள் வாக்களிக்கும் மக்கள். வேட்பாளரை நிறுத்தும் கட்சியினர்.

ஏழை ஒருவன் ஏறினால் ஏழைகள் அனைவரும் ஏறினர் என்று பொருளல்ல. தனக்கு மேலே இருப்பவனை வெறுப்பது எளிது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கக் கூடாது என்று எண்ணுவதே கடினம். அந்தக் கடினமான பாடத்தைக் கற்காமலே தையற்கடையிலிருந்து வெள்ளை மாளிகை வரை நடந்தார் ஆண்ட்ரூ ஜான்சன்.

கிழிந்ததைத் தைக்கத் தெரிந்த கை அது. கிழிந்து கிடந்த நாடு ஒன்று அந்தக் கைக்கு வந்தது. சீமான்களின் பக்கம் மட்டும் தைத்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தது அந்தக் கை!